அச்சு இயந்திரமும் ஆலிம்களின் நிதானமும்

 



சென்ற ரமலானில் ஓர் இரவு, தராவீஹ் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தயங்கியவாறு என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், தவறாக நினைத்துவிடாதீர்கள். இன்று ஹாபிழ் ஓரிடத்தில் எழுத்தை மாற்றி ஓதிவிட்டார் போலிருக்கிறது. அந்தப் பகுதியை நான் கைப்பேசியில் பார்த்துப் பலமுறை ஓதியிருக்கிறேன்" என்றார். குர்ஆனின் மீது அவருக்கிருந்த ஆர்வம் என்னை மகிழ்வித்தது. மிஹ்ராபின் அருகிலிருந்த முஸ்ஹஃபை எடுத்து, அவருடைய கைப்பேசியையும் அருகே வைத்து ஒப்பிட்டோம். ஹாபிழ் ஓதியது சரியாகவே இருந்தது. கைப்பேசியில்தான் ஓர் எழுத்தின் மேலிருக்க வேண்டிய புள்ளி விடுபட்டிருந்தது. இளைஞரின் முகம் வாடிவிட்டது. "அப்படியென்றால் இத்தனை மாதங்களாக நான் பிழையாகவா மனனம் செய்து வந்தேன், ஹஜ்ரத்?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் என் செவியில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இச்செய்தி நிர்வாகிகளின் கவனத்திற்குச் சென்றபோது இரு கருத்துகள் எழுந்தன. இனிப் பள்ளிவாசலுக்குள் கைப்பேசியே கூடாது என்றார் ஒரு பெரியவர். காலத்தை எதிர்த்து நிற்க நம்மால் இயலுமா, பிழை எதில்தான் இல்லை என்றார் மற்றொருவர். இருவரும் மார்க்கப் பற்றுடனேயே பேசினார்கள். இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, இந்த வினாவையே எடுத்துக்கொள்வது பொருத்தம் என அடியேனுக்குத் தோன்றியது. ஏனெனில், புதிய கருவி ஒன்று வாசலில் வந்து நிற்கும்போது அதை ஏற்பதா, மறுப்பதா என்ற கேள்வி இந்தச் சமுதாயத்திற்குப் புதியதன்று. அதிலும் குறிப்பாக, வேதத்தையும் கிதாபுகளையும் எழுதிப் பாதுகாக்கும் கருவிகள் குறித்து நம் முன்னோர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகச் சிந்தித்து வந்துள்ளனர்.

மலையினும் பாரமான பணி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மறைவுக்குப் பின், கலீபா அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் ஆட்சியில் யமாமா போர் நிகழ்ந்தது. குர்ஆனை மனனம் செய்திருந்த தோழர்கள் பலர் அதில் ஷஹீதாயினர். இந்நிலை நீடித்தால் வேதத்தின் பகுதிகள் மறைந்துவிடுமோ என்று அஞ்சிய உமர் (ரலி) அவர்கள், முழுக் குர்ஆனையும் ஒரே தொகுப்பாக எழுதிவைக்க வேண்டும் என்று கலீபாவிடம் வலியுறுத்தினார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் உடனே இணங்கவில்லை. நபியவர்கள் செய்யாத ஒன்றை நாம் எப்படிச் செய்வது என்பதே அவர்களின் தயக்கமாயிருந்தது. அப்பணி ஒப்படைக்கப்பட்ட ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் அதே தயக்கத்தை வெளியிட்டார்கள். ஒரு மலையைப் பெயர்க்கச் சொல்லியிருந்தால்கூட அது தமக்கு இத்தனை பாரமாக இருந்திராது என்று கருதினார்கள்.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியவை இரண்டு. அம்மேன்மக்கள் தயங்கினார்கள், அந்தத் தயக்கத்திலேயே நின்றுவிடவும் இல்லை. எந்த நோக்கத்திற்காக இது கேட்கப்படுகிறது என்று ஆராய்ந்து, வேதத்தைப் பாதுகாப்பதே நோக்கம் என்று தெளிந்ததும் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்ட பின்னரோ, பேரீச்ச மட்டையிலும் கல்லிலும் எழுதப்பட்டிருந்தவற்றையும், மனிதர்களின் நெஞ்சங்களில் இருந்தவற்றையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கிச் சரிபார்த்த பிறகே பதிவு செய்தார்கள். தயக்கம், ஆராய்ச்சி, இசைவு, சரிபார்ப்பு என்ற இந்த நான்கு படிகளை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தோலிலிருந்து காகிதத்திற்கு

தொடக்க கால முஸ்ஹஃபுகள் பதப்படுத்திய தோலில் எழுதப்பட்டன. சீனர்களின் கண்டுபிடிப்பான காகிதம் மத்திய ஆசியாவின் வழியாக முஸ்லிம்களிடம் வந்தது. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஹாரூன் ரஷீதின் காலத்தில், பக்தாத் நகரிலேயே காகிதம் செய்யப்பட்டது. அரசு அலுவலகங்களில் தோலை விடுத்துக் காகிதத்தைப் பயன்படுத்துமாறு கலீபா பணித்ததற்கு, எகிப்திய அறிஞர் கல்கஷந்தீ தரும் காரணம் சிந்தனைக்குரியது. தோலில் எழுதியதைச் சுரண்டி அழித்துவிட்டு வேறொன்றை எழுதிவிடலாம். மோசடி வெளியே தெரியாது. காகிதத்தில் சுரண்டினாலோ அந்த வடு காட்டிக்கொடுத்துவிடும். அதாவது, காகிதம் மலிவானது என்பதோடு, நம்பகமானது என்பதாலும் வரவேற்கப்பட்டது.

ஆயினும் குர்ஆன் பிரதிகள் உடனே காகிதத்திற்கு மாறிவிடவில்லை. கணக்கேடுகளும் கடிதங்களும் முதலில் மாறின. பிறகு கிதாபுகள் மாறின. குர்ஆன் பிரதிகள் பரவலாகக் காகிதத்தில் எழுதப்படுவதற்கு 10ஆம் நூற்றாண்டு ஆயிற்று. புகழ்பெற்ற எழுத்துக்கலைஞர் இப்னுல் பவ்வாப் ஹிஜ்ரி 391இல் (கி.பி. 1000-1001) பக்தாதில் எழுதிய காகித முஸ்ஹஃப் இன்று டப்ளின் நகர நூலகம் ஒன்றில் பாதுகாக்கப்படுகிறது. சிறிய காரியத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு அரிய காரியத்திற்குக் கொண்டுவரும் முறை இது.

270 ஆண்டுகள்

இப்போது அச்சு இயந்திரத்திற்கு வருவோம். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் 1455ஆம் ஆண்டையொட்டித் தம் அச்சுப் பணியை நிறைவேற்றினார். உஸ்மானியப் பேரரசின் தலைநகரான இஸ்தான்பூலில், ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டு அடைக்கலம் புகுந்த யூதர்கள் 1493இலேயே ஹீப்ரு நூலை அச்சிட்டனர். 1567இல் அங்கு ஆர்மீனியர்களின் அச்சகம் வந்தது. நம் தமிழ் எழுத்துகள்கூட 1578இல் கொல்லத்தில் போர்ச்சுகீசியப் பாதிரிமாரால் அச்சேறிவிட்டன. ஆனால் அதே இஸ்தான்பூலில் ஒரு முஸ்லிம் அச்சகம் அரசு அனுமதியுடன் எழுவதற்கு 1727 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 270 ஆண்டுகள்!

இந்தத் தாமதத்திற்கு ஆலிம்களே காரணம் என்று பலரும் எழுதியும் பேசியும் வருகின்றனர். சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1485இலும், முதலாம் ஸலீம் 1515இலும் அச்சுக்கு மரண தண்டனை விதித்து ஆணையிட்டனர் என்று பல நூல்களில் காணப்படுகிறது. ஆயினும் அப்படியொரு ஆணையின் மூலம் இதுவரை எவராலும் எடுத்துக்காட்டப்படவில்லை. பிற்கால ஐரோப்பியப் பயணிகளின் எழுத்துகளிலிருந்தே அக்கதை பரவியது என்று அண்மைக்கால வரலாற்று ஆய்வாளர்கள் விளக்கியுள்ளனர். மாறாக, சுல்தான் மூன்றாம் முராத், ஐரோப்பாவில் அச்சிடப்பட்ட அரபி நூல்களைத் தம் நாட்டில் தடையின்றி விற்க அனுமதித்து 1588இல் வழங்கிய ஆணை, 1594இல் ரோமில் அச்சான அரபிக் கணித நூலின் இறுதியில் அச்சிடப்பட்டே உள்ளது.

அப்படியாயின் தாமதம் ஏன்? காரணங்கள் பல. அரபி எழுத்துகள் சொல்லின் முதலில், இடையில், இறுதியில் என்று உருமாறி ஒன்றோடொன்று இணைபவை. அவற்றுக்கு அச்சு வார்ப்பது மிகக் கடினமும் பெருஞ்செலவும் உடையது. பிரதி எழுதுவதையே வாழ்வாதாரமாகக் கொண்ட காத்திபுகள் ஏராளமானோர் இருந்தனர். எழுத்துக்கலை ஓர் இபாதத்தைப் போலப் போற்றப்பட்டது. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, ஐரோப்பியர் அச்சிட்டு அனுப்பிய அரபி நூல்களில் பிழைகள் மலிந்திருந்தன. 1537-38இல் வெனிஸ் நகரில் பகனீனி என்ற அச்சகத்தார் முழுக் குர்ஆனை அச்சிட்டனர். அதில் புள்ளியில்லாத தாலும் புள்ளியுள்ள ஸாலும் வேறுபாடின்றி அச்சாகியிருந்தன. அதன் ஒரே பிரதி 1987இல்தான் வெனிஸிலுள்ள ஒரு கிறித்தவ மடத்து நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. நம் இளைஞரின் கைப்பேசியில் விடுபட்ட புள்ளியும் இதுபோன்றதே. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளில் இயந்திரம் மாறியிருக்கிறது, பிழை மாறவில்லை.

இத்தயக்கத்தில் நியாயம் இருந்தது. ஆனால் குறையும் இருந்தது. பீரங்கியை அவர்கள் தயங்காமல் ஏற்றார்கள். 1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் வெற்றியில் அதன் பங்கு பெரிது. 16ஆம் நூற்றாண்டில் இஸ்தான்பூலில் இருந்த ஐரோப்பியத் தூதர் புஸ்பெக், இம்மக்கள் பிறரின் பீரங்கியை ஏற்கிறார்கள், அச்சை ஏற்பதில்லை என்று வியந்து எழுதினார். கோட்டையைக் காக்கும் கருவியைப் பற்றி உடனே விசாரித்தவர்கள், கல்வியைக் காக்கும் கருவியைப் பற்றி அதே அக்கறையுடன் விசாரிக்கத் தலைமுறை தலைமுறையாகத் தாமதித்தார்கள் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு விண்ணப்பமும் ஒரு ஃபத்வாவும்

அந்த விசாரணையைத் தெளிவாக முன்வைத்தவர் இப்ராஹீம் முதஃபர்ரிகா. டிரான்சில்வேனியா நாட்டில் கிறித்தவராகப் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, உஸ்மானிய அரசில் பணியாற்றியவர் இவர். அச்சின் பயன்களை விவரித்து 1726இல் ஒரு சிறுநூல் எழுதினார். தாத்தாரியர் பக்தாதை அழித்தபோதும், அந்தலுஸ் கைவிட்டுப் போனபோதும் எண்ணற்ற கிதாபுகள் அழிந்ததை அதில் நினைவூட்டினார். ஒரே பிரதி அழிந்தால் நூலே அழிந்தது. ஆயிரம் பிரதிகள் இருந்தால் அது பிழைக்கும். ஏழை மாணவரும் கிதாபு வாங்க முடியும் என்றார்.

இவ்விண்ணப்பம் ஷைகுல் இஸ்லாம் அப்துல்லாஹ் எஃபந்தி அவர்களின் முன் ஃபத்வாவுக்காக வைக்கப்பட்டது. அவர்கள் அளித்த தீர்ப்பின் சாரம் இதுதான்: திருத்தப்பட்ட நூலைப் பிழையின்றி அச்சில் பதித்து, குறைந்த நேரத்தில் நிறையப் பிரதிகளை மலிவாகத் தர ஒருவரால் இயலுமெனில் அது நற்செயல், அனுமதிக்கப்பட்டதே. ஆனால் அச்சாகும் நூலைச் சரிபார்த்துத் திருத்துவதற்கு ஆலிம்கள் நியமிக்கப்பட வேண்டும்.

சுல்தான் மூன்றாம் அஹ்மத் 1727இல் ஆணை பிறப்பித்தார். காழிகளாக இருந்த மூவரும் மவ்லவிய்யா தரீக்காவின் ஷைகு ஒருவரும் திருத்துநர்களாக அமர்த்தப்பட்டனர். குர்ஆன், தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹ் நூல்களை அச்சிட அனுமதி இல்லை. அகராதி, வரலாறு, புவியியல், மருத்துவம் போன்றவற்றை அச்சிடலாம். 1729ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவந்த முதல் நூல், ஜவ்ஹரியின் அரபி அகராதியின் துருக்கி மொழியாக்கமாகும். 1742 வரை 17 நூல்கள் வெளிவந்தன. காகிதத்தைப் போலவே இங்கும், முதலில் அகராதியில் சோதனை, வேதத்தில் காத்திருப்பு.

திருத்துநர் இல்லாத இடைவெளி

அந்தக் காத்திருப்பு நெடியதாகிவிட்டது. இஸ்தான்பூலில் முதல் மார்க்க நூல் 1803இல்தான் அச்சானது. குர்ஆனை அரசின் மேற்பார்வையில் அச்சிடுவது 1870களில்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் உலகம் நமக்காக நின்றுகொண்டிருக்கவில்லை. ஹாம்பர்க்கில் 1694இலும், இத்தாலியின் பதுவாவில் 1698இலும் கிறித்தவ அறிஞர்கள் குர்ஆனை அச்சிட்டனர். ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1787இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் அச்சிடச் செய்த பிரதிதான், முல்லா உஸ்மான் இஸ்மாயில் என்ற முஸ்லிம் ஆலிமின் திருத்தத்துடன் வெளிவந்த முதல் அச்சுக் குர்ஆன். நாம் விலகி நின்றபோது நம் வேதத்தை அச்சிடும் பணியைப் பிறர் கையிலெடுத்தனர் என்பதும், ஓர் ஆலிம் உள்ளே நுழைந்ததும் அப்பிரதி முஸ்லிம்கள் ஓதத்தக்கதாயிற்று என்பதும் இதிலிருந்து விளங்குகின்றன.

எகிப்திலும் இதுவே பாடம். வெளிநாடுகளில் அச்சாகிப் பள்ளிக்கூடங்களுக்கு வந்த முஸ்ஹஃபுகளில் பிழைகள் காணப்பட்டன. குர்ஆனை அச்சிடுவதையே தடுத்துவிடுவது எளிதான தீர்வாக இருந்திருக்கும். எகிப்திய ஆலிம்கள் அவ்வாறு செய்யவில்லை. காரிகளின் தலைவரான ஷைகு முஹம்மத் இப்னு அலீ அல்ஹுஸைனீ அல்ஹத்தாத் அவர்களின் தலைமையில் குழு அமைத்து, எழுத்து முறை குறித்த பழைய கிதாபுகளோடு ஒப்புநோக்கி உழைத்தார்கள். அதன் பயனாக ஹிஜ்ரி 1342இல் (கி.பி. 1924) வெளிவந்த கெய்ரோ பதிப்பு, பின்வந்த பதிப்புகள் பலவற்றிற்கு முன்மாதிரியாயிற்று. 1984இல் மதீனாவில் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹத் குர்ஆன் அச்சகத்திலும் திருத்துநர்கள் பல கட்டங்களில் சரிபார்த்த பின்னரே பிரதிகள் வெளியே வருகின்றன.

கல்லச்சும் நம் மதரஸாக்களும்

நம் நாட்டு ஆலிம்களுக்கு அச்சை நெருக்கமாக்கியது கல்லச்சு. 1796ஐ ஒட்டி ஜெர்மனியில் ஸெனஃபெல்டர் கண்டுபிடித்த இம்முறையில் ஈய எழுத்துகளைக் கோக்க வேண்டியதில்லை. காத்திப் தம் கையால் எழுதியது அப்படியே கல்லில் பதிந்து நூற்றுக்கணக்கில் பிரதியாகும். எழுத்தின் அழகும் கெடவில்லை. காத்திபின் பிழைப்பும் போகவில்லை. 1858இல் லக்னோவில் தொடங்கப்பட்ட அச்சகத்தில் முன்ஷீ நவல் கிஷோர் என்ற ஹிந்துப் பெருமகனார் குர்ஆனையும் எண்ணற்ற மார்க்க நூல்களையும் எளிய விலையில் அச்சிட்டுப் பரப்பினார். அடியேன் மதரஸாவில் ஓதிய கிதாபுகளில் பலவும் பழைய கல்லச்சுப் பிரதிகளின் மறுபதிப்புகளே. ஓரங்களில் சாய்வாகவும் தலைகீழாகவும் விளக்கக் குறிப்புகள் நிறைந்த அப்பக்கங்களில் என் உஸ்தாது பேனாவால் பிழை திருத்திய இடங்கள் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. அச்சானதாலேயே ஒன்று சரியாகிவிடாது என்பதை அந்தப் பேனா எங்களுக்குச் சொல்லாமல் சொல்லிற்று.

தமிழகத்திலும் 1835இல் அச்சகச் சட்டம் தளர்த்தப்பட்ட சில ஆண்டுகளிலேயே, 1842இல், உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஷைகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏட்டுச் சுவடிகளிலிருந்து பரிசோதித்து அச்சேற்றினார்கள். அதைச் செய்தவர் ஓர் ஆலிம் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூர வேண்டும்.

ஒலிபெருக்கி தந்த பாடம்

பெரியவர்கள் பலருக்கும் நினைவிருக்கக்கூடிய மற்றொன்று ஒலிபெருக்கி. 1936இல் சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் அது பொருத்தப்பட்டது. பாங்குக்கு அதைப் பயன்படுத்துவதைவிடத் தொழுகைக்குப் பயன்படுத்துவதிலேயே கடும் விவாதம் எழுந்தது. கருவியிலிருந்து வருவது இமாமின் குரலா, எதிரொலி போன்ற வேறோர் ஓசையா என்பதே மஸ்அலா. வேறோர் ஓசை என்றால், அதைப் பின்பற்றி ருகூவு செய்பவரின் தொழுகை என்னாவது? தேவ்பந்தின் மாமேதை முஃப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) அவர்கள் முதலில் கூடாது என்றே கருதினார்கள். பின்னர், துறை அறிந்தவர்களிடம் விசாரித்து, அது இமாமின் குரலே பெருக்கப்படுவது என்பதை அறிந்ததும் தம் கருத்தை மாற்றிக்கொண்டு வெளிப்படையாக எழுதினார்கள். கருவியின் இயல்பை அறிந்தவரிடம் கேட்டறிந்ததும், அறிந்தபின் திருத்திக்கொண்டதும் அவர்களின் கண்ணியத்தை உயர்த்தினவே அன்றிக் குறைக்கவில்லை.

நம் முன்னுள்ள பணி

சகோதரர்களே! இவ்வரலாற்றைத் திரும்பிப் பார்க்கும்போது, முன்னோர் தவறிய இடங்களும் வென்ற இடங்களும் தெளிவாகத் தெரிகின்றன. கேள்வியைக் கேட்காமல் ஒதுங்கியிருந்த காலமெல்லாம் இழப்பாயிற்று. கேள்வி கேட்கப்பட்டு, நிபந்தனையுடன் இசைவு தரப்பட்டு, திருத்துநர் நியமிக்கப்பட்டபோது நன்மை விளைந்தது. கைப்பேசியைப் பள்ளிவாசலின் வாசலில் நிறுத்திவிட்டால், அது வீட்டில் நம் பிள்ளைகளின் கையில் திருத்துநர் இல்லாமல் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாலோ, புள்ளியில்லாத எழுத்து ஒரு தலைமுறையின் நெஞ்சில் பதிந்துவிடும்.

ஆகவே அடியேன் ஜமாஅத்தின் முன் வைக்கும் வேண்டுகோள் இதுவே. நம் மஹல்லாவின் ஹாபிழ்கள் மூவரையும், கைப்பேசியின் நுட்பம் அறிந்த இளைஞர் இருவரையும் கொண்ட ஒரு சிறு குழுவை அமைப்போம். நம்மவர்கள் பயன்படுத்தும் குர்ஆன் செயலிகளை அவர்கள் முஸ்ஹஃபோடு ஒப்பிட்டுப் பார்த்து, நம்பத்தகுந்தவற்றின் பெயர்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். செயலிகள் அவ்வப்போது மாற்றப்படுவதால், ஆண்டுதோறும் ரமலானுக்கு முன் அப்பட்டியல் மீண்டும் சரிபார்க்கப்படட்டும். பிள்ளைகளின் மனனம் மட்டும் உஸ்தாதின் வாயிலிருந்து கேட்டு, உஸ்தாதின் செவியில் ஒப்பிக்கும் பழைய முறையிலேயே தொடரட்டும். தொழுகை நேரத்தில் கைப்பேசியின் ஓசையை அடக்கி வைப்பதை எல்லோரும் கடமையாகக் கொள்வோம்.

அன்று வாடிய முகத்துடன் சென்ற இளைஞர், மறுநாள் முதல் ஃபஜ்ருக்குப் பின் ஹாபிழின் முன் அமர்ந்து தம் ஓதலைத் திருத்திக்கொண்டார். குழுவில் இடம்பெற வேண்டிய இளைஞர் இருவரில் ஒருவராக அவருடைய பெயரையே நான் முன்மொழிகிறேன். பிழையால் மனம் நொந்தவரே பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பதில் கூர்மையாக இருப்பார்.

நம் முன்னோரின் நிதானத்தையும், கேட்டறியும் பணிவையும், அறிந்ததை ஏற்கும் துணிவையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.